இருபத்துமூன்று இரவல்கள்

1

இந்த மாதத்தோடு இந்தப் பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு ஏழு வருடம். லண்டனில் இருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கும் ஒரு சிறிய நகரம் இது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது என் மேசையில் ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு துண்டு கேக்கும் இருந்தன. அட்டையில் "அன்புள்ள கந்தையாவுக்கு" என்று எழுதியிருந்தது.

கந்தையா என் அப்பா. தம்பலகாமத்தில் வயல் செய்தவர். இந்த நாட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். கடவுச்சீட்டில் அவருடைய பெயர் எனக்கு முன்னால் நிற்பதால் அதுதான் என் பெயர் என்று குடிவரவு அலுவலகம் தீர்மானித்துவிட்டது. திருத்தித் தரச் சொல்லி இரண்டு விண்ணப்பம் போட்டேன். இரண்டாவதற்கு வந்த பதிலும் "அன்புள்ள கந்தையா" என்றுதான் தொடங்கியது. அதோடு விட்டுவிட்டேன். அப்பாவின் பெயரில் நான் வேலைக்குப் போய் வருகிறேன். அவருக்கு இது தெரிந்திருந்தால் "சம்பளத்தையும் என்ட பேரில போடச் சொல்லு" என்றிருப்பார்.

கேக்கைத் தின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் போன தவணையில் இந்த வேலை போகப் பார்த்தது. என் கோப்பில் இன்னும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அதை எப்படிச் சம்பாதித்தேன் என்று இங்கே உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்திப் பார்த்துக் களைத்துவிட்டேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கும். விளங்கக்கூடியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம் என்பது எழுதத் தொடங்கிய பிறகு தெரிகிறது.

2

ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஒன்பது வருடம் வரலாறு படிப்பித்தேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும். விடிய எழும்பி, பட்டினத்துத் துறையில் லோஞ்ச் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து பஸ். போய்ச் சேரும்போதே அரை நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். சேர்ந்த முதல் மாதமே அதிபர் கூப்பிட்டு அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கையில் தந்தார்.

"மாஸ்டர், இனி லைபிரரிக்கு நீங்கள்தான் பொறுப்பு."

"சேர், எனக்கு லைபிரரி வேலை ஒண்டும் தெரியாதே."

"தெரியிறதுக்கு அதில என்ன கிடக்கு? ஒண்டும் துலையக் கூடாது. அவ்வளவுதான்."

புதிதாக வருகிறவன் தலையில் கட்டுகிற பொறுப்பு அது. எனக்கு முன் இருந்தவர் மாற்றலாகிப் போகும் நேரத்தில் ஏழு புத்தகம் குறைந்திருந்தன. விளக்கக் கடிதத்துக்கு மேல் விளக்கக் கடிதம் எழுதி, மனுசன் மாற்றலான பாடசாலைக்குப் போய்ச் சேர ஒரு வருடம் பிந்திவிட்டது. ஏனென்றால் புத்தகங்கள் கதிரை மேசைகளோடு சேர்த்துப் பொருட்பதிவேட்டில் எழுதப்பட்டவை. கதிரை தொலைந்தால் என்ன கேள்வியோ அதே கேள்விதான் கதைப் புத்தகம் தொலைந்தாலும். ஆகவே நூலகம் என்றால் மூன்று கண்ணாடி அலுமாரி, அலுமாரி என்றால் பூட்டு.

நான் வேலைக் கள்ளன் இல்லை. வலயக் கல்வி அலுவலகம் சனிக்கிழமைகளில் நடத்திய நூலக ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். புத்தகங்களுக்கு எண் கொடுத்தேன், காக்கித் தாளில் உறை போட்டேன், முதுகில் வெள்ளைத் துண்டு ஒட்டி எண்ணை எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. வாசித்தது தாள் தின்னும் இராமபாணப் பூச்சி மட்டும்தான். அதற்குப் பூட்டைப் பற்றிக் கவலை இல்லை.

ஒருநாள் இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கண்ணாடிக்குள் தெரிந்த, கப்பல்களைப் பற்றிய பெரிய படப் புத்தகத்தைக் காட்டி, "சேர், அதை ஒருக்கால் பாக்கலாமோ?" என்று கேட்டாள்.

"கையைக் கழுவிப்போட்டு வா."

ஓடிப்போய்க் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். கையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"ஈரக் கையோட புத்தகத்தைத் தொடுறதோ? நாளைக்கு வா."

மறுநாள் அவள் வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை வலயத்தில் இருந்து மேற்பார்வைக்கு வருவார்கள். அவர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். பொருட்பதிவேட்டில் உள்ள புத்தகம் எல்லாம் அலுமாரியில் இருக்க வேண்டும். இரவல் பதிவேட்டின்படி பிள்ளைகள் புத்தகம் எடுத்து வாசித்திருக்கவும் வேண்டும். புத்தகம் வெளியே போகவும் கூடாது, போய் வந்திருக்கவும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதற்கு வழி என்ன என்று அதிபருக்குத் தெரிந்திருந்தது.

"மாஸ்டர், இரவல் கொப்பி வெறுமையாக் கிடக்கு. நாளைக்கு ஆக்கள் வருகினம். இண்டைக்குப் பாடம் எடுக்க வேண்டாம், இருந்து எழுதிப்போடுங்கோ."

ஒரே நாளில் ஒன்பது மாதத்தை எழுதினேன். நீலப் பேனை, கறுப்புப் பேனை, நடுவே கொஞ்சம் பச்சை. வெவ்வேறு நாளில் எழுதியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுத்தைச் சரித்தும் நிமிர்த்தியும் எழுதினேன். வகுப்பு இடாப்பை வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் போட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். வந்தவர்கள் வடையும் தேநீரும் எடுத்தார்கள். வாசிப்புப் பழக்கம் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒன்பது வருடமும் இதே கதைதான். யாரும் இதைப் பொய் என்று சொல்லவில்லை. இதற்குப் பெயர் கொப்பி எழுதுவது.

3

என் மனைவி தாதி. அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொங்கிக்கொண்டு வந்தவன் நான். மகள் துளசிக்கு அப்போது ஆறு வயது.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, மதிய இடைவேளையில் பள்ளிக்கூட மைதானத்தில் மஞ்சள் சட்டை போட்டு நின்று பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் பார்ப்பது. அதற்கே ஊரில் இருந்து பொலிஸ் நற்சான்று கேட்டார்கள். வாழ்ந்த முகவரிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதச் சொன்னார்கள். இடம்பெயர்ந்து இருந்த கொட்டில்களுக்கு இலக்கம் எங்கே? "முகவரி முழுமையில்லை" என்று படிவம் மூன்று தரம் திரும்பி வந்தது. கடைசியில் எல்லாக் கொட்டிலுக்கும் ஓர் இலக்கம் போட்டுக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மழை பெய்தால் பிள்ளைகள் மைதானத்தில் இருந்து நூலகத்துக்குள் ஓடுவார்கள். நானும் பின்னால் போவேன். சும்மா நிற்கத் தெரியாமல், மாறிக் கிடக்கும் புத்தகங்களை எண் பார்த்து அதனதன் இடத்தில் வைப்பேன். நூலகப் பொறுப்பாளர் திருமதி ஹார்ட்லி கொஞ்ச நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கந்தையா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அடுத்த வருடம் நூலக உதவியாளர் இடம் காலியானபோது விண்ணப்பிக்கச் சொன்னவரும் அவர்தான்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். வலயத்தில் இருந்து வாங்கி வந்த கடிதத்தை மேசையில் வைத்து, பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஒன்பது வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து இன்னும் ஆறுதலாக நிறுத்தி நிறுத்தி, இன்னும் சத்தமாக மறுபடி சொன்னேன். திருமதி ஹார்ட்லி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். வேலை கிடைத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் அன்றைக்கு எழுதியது என்ன என்று சொன்னார். "பாவம், இந்த மனிதரிடம் புத்தகம் கேட்டு ஒருவரும் வரவில்லை" என்று எழுதினாராம்.

இங்கே வருடக் கடைசியில் நாற்பது ஐம்பது புத்தகம் குறையும். அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "நல்லது, யாரோ வாசிக்கிறார்கள்" என்பார். முதல் இரண்டு வருடம் குறைந்த புத்தகங்களை நான் தட்டுத் தட்டாகத் தேடினேன். யார் விளக்கக் கடிதம் எழுதுவது?

4

எங்கள் நூலகத்தின் கடைசி மூலையில் ஒரு தமிழ்த் தட்டு இருந்தது. எப்போதோ, தமிழ்ப் பிள்ளைகள் கூடுதலாக வந்து சேர்ந்த காலத்தில் வாங்கிய இருபத்துமூன்று புத்தகங்கள். கதைகள், பழமொழி விளக்கம், கடல் மீன்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு ஒரு பிள்ளையும் அந்தத் தட்டில் கை வைத்து நான் காணவில்லை.

மற்றவர் பிள்ளைகளைச் சொல்வானேன். என் மகளும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இப்போது பதினைந்து வயது. நான் இருக்கிறேன் என்பதற்காகவே நூலகப் பக்கம் வருவதில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதையும் இரண்டாம் தரம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆறு வயதில் கொண்டுவந்த அவளுடைய தமிழ் எழுத்துகள், போட்டு வந்த சப்பாத்தைப் போல எப்போது சிறிதாகிப் போயின என்று எனக்கோ மனைவிக்கோ தெரியாது. வேலை முறை மாறி மாறி இருவரும் வீட்டுக்கு வந்து போனோம். பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

மூன்று வருடமாக யாரும் இரவல் எடுக்காத புத்தகத்தைத் தட்டில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பது இங்கே புதிதாக வந்த விதி. அதைக் களையெடுப்பு என்பார்கள். போன தவணைத் தொடக்கத்தில் திருமதி ஹார்ட்லி பட்டியலை என்னிடம் தந்தார். தமிழ்த் தட்டு முழுதும் அதில் இருந்தது.

"எனக்கும் மனவருத்தம்தான், கந்தையா. ஆனால் இடம் வேண்டும். தவணை முடிவதற்குள் யாராவது எடுத்தால் வைத்திருக்கலாம்."

தம்பலகாமத்தில் அப்பாவோடு வயலில் குனிந்து களை பிடுங்கியவன் நான். எது களை, எது நெல் என்று பார்த்ததும் தெரியும். என் கையாலேயே நெல்லைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்று கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. திருமதி ஹார்ட்லி மேல் இல்லை.

அவர் கடைசியாகச் சொன்ன சொல் மட்டும் காதில் நின்றது. யாராவது எடுத்தால். அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போன பிறகு கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். மாணவர் பட்டியலைத் திறந்தேன். தமிழ்ப் பெயராகத் தெரிந்த இருபத்துமூன்று பெயர்களைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்தேன். எல்லாம் ஒரே நாளில் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு கிழமையின் ஐந்து நாளுக்கும் பரப்பினேன். மூன்று வண்ணப் பேனை இல்லாத குறை ஒன்றுதான். புத்தகங்களைப் பின்னறை அலுமாரியில் அடுக்கிப் பூட்டினேன். கை பழக்கத்தில் திறப்பை இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொண்டது.

மகளின் பெயரும் பட்டியலில் வந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

மூன்று கிழமையில் எல்லாவற்றையும் திரும்பி வந்ததாகப் பதிந்துவிடுவது என் திட்டம். ஆனால் இரண்டாம் கிழமை காய்ச்சல் வந்து, அது நெஞ்சுச் சளியாக இறங்கி, இரண்டு கிழமைக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். அந்த இரவல்களின் நினைவே எனக்கு வரவில்லை. எழுதியவுடன் மறந்துவிடுவதுதானே எங்கள் பழக்கம். கொப்பி அலுமாரிக்குள் பேசாமல் கிடக்கும். இங்கே பதிவேடு தானாகவே கடிதம் எழுதும். இரவல் தவணை கடந்த மறுநாளே இருபத்துமூன்று வீட்டுக்கும் பள்ளிக்கூடத்தின் முத்திரையோடு கடிதம் போய்விட்டது.

5

இருபத்தொரு வீட்டார் கடிதத்தைக் கணக்கெடுக்கவில்லை. ஒருவர் மட்டும், "என் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நேரில் வந்தது ஒரே ஒரு தாய்.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பள்ளிக்கூடம் தொடங்க முன்பே வரவேற்பறையில் இருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. யாரிடமோ இரவல் வாங்கியது போன்ற பெரிய குளிர்ச்சட்டை, அதன் கீழே துப்புரவு வேலைக்குப் போகும் நீலச் சீருடை. கடிதத்தை நான்காக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம். இருங்கோ."

"அப்பாடா." கதிரையின் நுனியில் இருந்தார். "என்ட பேர் வனிதா, சேர். மகள் அபிநயா, ஏழாம் வகுப்பு. அவள் ஏதோ புத்தகத்தை எடுத்துத் துலைச்சுப்போட்டாள் போலக் கிடக்கு. வீடு முழுக்கக் கிளறிப் பாத்திட்டம், காணேல்ல. எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்ல, சேர். கடிதம் எண்டு வந்தாலே நெஞ்சு பதறுது. இதால ஒண்டும் பிரச்சினை வராதுதானே?"

"இல்லையில்லை. இதுக்கும் அதுக்கும் ஒரு தொடர்புமில்லை."

"அவள் எடுக்கேல்ல எண்டுதான் சத்தியம் பண்ணினாள். கடிதத்தில பேர் கிடக்கு, நீ பொய் சொல்லுறியோ எண்டு ரெண்டு அடி போட்டனான். மூண்டு நாளாக் கதைக்கிறாள் இல்லை."

சொல்லக்கூடிய ஒரு சொல் தயாராக இருந்தது. இந்த நாட்டில் யாரும் திருப்பிக் கேட்காத சொல்.

"கொம்பியூட்டர் பிழை, தங்கச்சி. மகள் எடுக்கேல்ல. புத்தகம் இங்கதான் கிடக்கு."

"உண்மையாவோ?" அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க ஏலாமல் கணினியைப் பார்த்தேன். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"சேர், அந்தப் புத்தகத்தை ஒருக்கால் பாக்கலாமோ? மூண்டு நாளாத் தேடினனாங்கள். கடிதத்தில நம்பர் மட்டும்தான் கிடக்கு, என்ன புத்தகம் எண்டு பாப்பம்."

பின்னறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். அவரும் எழும்பி வந்து வாசலில் நின்றார். இடுப்பில் இருந்து திறப்பை எடுத்ததையும், உள்ளே தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கிக் கிடந்ததையும் பார்த்தார். அபிநயாவின் பெயரில் எழுதிய மீன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"இது கும்பிளா எல்லோ? என்ன, அயிலை எண்டு போட்டிருக்கு?"

"இந்தியாவில அடிச்ச புத்தகம். அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்கள் எந்த ஊர்?"

"இலங்கைத்துறை, சேர். அப்பா கடலுக்குப் போறவர்." புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அலுமாரியை மறுபடி பார்த்தார். "நான் படிச்ச பள்ளிக்கூடத்திலயும் இப்பிடி ஒரு அலுமாரி இருந்தது. கண்ணாடிக் கதவு. வெளியால நிண்டு புத்தகத்தின்ட பேரெல்லாம் வாசிப்பம். திறந்து காணேல்ல. ஒருநாள் சேர் கூப்பிட்டு ஒரு கொப்பியில கையெழுத்து வைக்கச் சொன்னார். ஆறு இடத்தில வைச்சனான். என்னத்துக்கு எண்டு கேட்டனான். 'நீ ஆறு புத்தகம் வாசிச்சு முடிச்சிட்டாய், கெட்டிக்காரி' எண்டு சொல்லிச் சிரிச்சார்."

நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கும் சிரிப்புத்தான். வீட்டபோய் அம்மாட்டச் சொன்னனான், நான் ஆறு புத்தகம் வாசிச்சிட்டன் எண்டு. பகிடிக்குத்தான் சொன்னனான். அம்மா நம்பிட்டா. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, சேர். கோயிலடியில காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சவ. பிறகு எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்ல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்னை அவருக்கு யாரென்றே தெரியாது. அவர் படித்தது என் பாடசாலையிலும் இல்லை. ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட சந்தோஷத்தில் ஊர்க்கதை சொன்னார், அவ்வளவுதான். வேலைக்குப் பிந்துகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, கொம்பியூட்டர் பிழையில்லை," என்றேன். "நான்தான் எழுதினனான்."

முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தட்டைக் காப்பாற்ற நினைத்தேன், தமிழுக்காகச் செய்தேன் என்று பெரிதாகச் சொல்லத் தொடங்கியதைப் பாதியில் விழுங்கிக்கொண்டேன். மூன்று நாளாகப் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் அந்தக் கதை எடுபடாது.

வனிதா மீன் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் பிள்ளைக்கு அடிச்சுப்போட்டன், சேர்."

"தெரியும்."

"அப்ப நீங்களே அவளிட்டச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

6

பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது பள்ளிக்கூடம் முழுதும் பரவும். அதனால் முதலில் திருமதி ஹார்ட்லியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாமே, கந்தையா. வைத்திருப்போம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஒரு வருடம் தந்திருப்பேன்."

கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் மேலிடத்திடம் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. அவர்கள் கேட்பதற்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மதிய இடைவேளையில் அபிநயாவைக் கூப்பிட்டோம். இரட்டைப் பின்னல், அளவுக்கு மிஞ்சிய பெரிய புத்தகப்பை. பயந்துபோய் நின்றாள். நான் தமிழில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். உன் பெயரில் பொய் எழுதியது நான். நீ சொன்னது உண்மை. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அவள் உடைந்த தமிழில் கேட்டாள்: "ஏன் என்ட பேர்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்ல, பிள்ளை."

"என்னட்டக் கேட்டிருந்தா நான் எடுத்திருப்பன்தானே," என்றாள். "சும்மாதானே."

ஒரே நாளில் இரண்டு பேர் அதையே சொல்லிவிட்டார்கள்.

பிறகு துணை அதிபரின் அறையில் கூட்டம். எழுத்தில் எச்சரிக்கை. இருபத்துமூன்று வீட்டுக்கும் மன்னிப்புக் கடிதம், என் கையெழுத்தோடு. தமிழ்த் தட்டுக்கு இனி அவகாசம் கொடுக்க ஏலாது என்றார்கள். அது நியாயம்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் "நீக்கப்பட்டது" என்று நானே முத்திரை குத்தினேன். வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று திருமதி ஹார்ட்லி சொன்னார். கொண்டுவந்து வீட்டு அலுமாரியில் அடுக்கினேன். அதற்குப் பூட்டு இல்லை. இருந்தும் யாரும் திறப்பதில்லை.

துளசிக்கு விஷயம் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிட்டது. குசினியில் நான் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, என்ட பேர் ஏன் போடேல்ல?"

"நீ தமிழ்ப் புத்தகம் எடுத்தாய் எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தேநீரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். உண்மையில் அவளுடைய பெயரை எழுத என்னால் முடியவில்லை. மற்றவர் பிள்ளைகளைப் பற்றிப் பொய் எழுத வந்த கை, என் பிள்ளையைப் பற்றி எழுத வரவில்லை. அதை அவளிடம் சொல்ல ஆங்கிலமும் போதாது, தமிழும் போதாது.

7

முத்திரை குத்தியது இருபத்திரண்டு புத்தகத்துக்குத்தான். இருபத்துமூன்றாவது வெளியே போய்விட்டது.

கூட்டத்துக்கு மறுநாள் அபிநயா நூலகத்துக்கு வந்தாள். "அம்மா அந்த மீன் புத்தகம் கேட்டவ," என்றாள். பெற்றோருக்கு இரவல் கொடுக்க விதியில்லை. மாணவர் பெயரில்தான் பதியலாம். நான் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்: "உன்ட பேரில எழுதலாமோ?"

"ஓம்," என்றாள். பிறகு, "நானே அமத்தட்டோ?" என்று கேட்டு, விசையைத் தானே அமத்தினாள்.

இரவலில் இருக்கும் புத்தகத்தை நீக்க ஏலாது. அதுவும் விதிதான். மூன்று கிழமைக்கு ஒருமுறை அவள் வந்து தவணையை நீட்டிக்கொண்டு போகிறாள். வனிதா வேலை முடிந்து வந்து நாளுக்கு ஒரு பக்கம் வாசிக்கிறாராம், மகளைப் பக்கத்தில் இருத்தி. எழுத்துக் கூட்டுவது மகள், மீனுக்குச் சரியான பெயர் சொல்வது தாய். போன முறை ஒரு துண்டுத் தாள் வந்தது. முப்பத்தோராம் பக்கத்துப் பாரை மீனின் வால் பிழையாகக் கீறப்பட்டிருக்கிறதாம். நான் அந்தத் தாளை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வனிதா சொன்னது என்னை விடவில்லை. நீங்கள்தான் சொல்லோணும். ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். இருபத்துமூன்று வீட்டுக்கும் கடிதம் போய்விட்டது. ஈச்சிலம்பற்றில் ஒன்பது வருடம், ஒவ்வொரு வருடமும் இடாப்பில் இருந்த அத்தனை பெயர்களுக்கும் கடிதம் எழுத என்னிடம் முகவரி இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால், உங்கள் பெயர் அந்த இரவல் கொப்பியில் இருக்கிறது. நீலத்தில் இருக்கும், கறுப்பில் இருக்கும், சிலருக்குப் பச்சையில் இருக்கும். பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். நீங்கள் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. திறப்பு என்னிடம் இருந்தது.

கப்பல் புத்தகம் கேட்ட பிள்ளைக்கு ஒன்று. அந்த வருடம் மேற்பார்வைக்கு முதல் நாள் உன் பெயர் வந்தபோது, என்ன புத்தகம் போடலாம் என்று யோசித்து, அந்தக் கப்பல் புத்தகத்தையே எழுதினேன். நீ வந்து கையெழுத்தும் வைத்தாய். தலைப்பை வாசித்துவிட்டு என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாய். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

உன் கை சுத்தமாகத்தான் இருந்தது, பிள்ளை.